ஏரிக்கரை ஊரின் கழிவுநீர் எங்கே போக வேண்டும்?

பத்தாயிரம் பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நகர்ப்புறத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் தேவை என்பதும், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பதும் இந்தியப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. அதன்படி அந்த ஊர் நாள்தோறும் ஏறத்தாழ பத்து லட்சம் லிட்டர் கழிவுநீரை வெளியேற்றும். பொறியியல் வழக்கில் இது ஒரு எம்.எல்.டி. இந்தத் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கும் மேலாகப் பல விடைகள் சொல்லப்பட்டுவருகின்றன. ஊரின் ஓரத்தில் ஏரி ஒன்று இருந்துவிட்டால் கேள்வி இன்னும் கடினமாகிறது. விடை பிழையானால் அந்தப் பிழை ஏரியில்தான் வந்து தேங்கும்.

இந்தக் கேள்வியைத் தாம்பரத்துக்கு மேற்கே உள்ள முடிச்சூரை முன்வைத்து ஆராய்வது பொருத்தமானது. முன்வைக்கப்பட்ட முக்கிய விடைகள் எவை, அவை எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன, இன்னும் எது தெளிவாகவில்லை என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாழ்ந்த நிலத்தின் கணக்கு

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரம் ஏரிகளின் நாடு. மேட்டு ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்குப் போகும். கடைசியில் ஆற்றையோ சதுப்பையோ சேரும். தாம்பரம் பகுதியில் இந்த ஓட்டம் இரு திசைகளில் பிரிகிறது. கிழக்கே செம்பாக்கம் போன்ற ஏரிகளின் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பை நோக்கிப் போகிறது. மேற்கே பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் பக்கத்து நீர் முடிச்சூர்ப் பகுதியைக் கடந்து அடையாற்றை அடைகிறது. ஆதனூர்ப் பக்கம் தோன்றி 42 கிலோமீட்டர் ஓடும் அந்த ஆற்றின் மேல்பகுதியில்தான் முடிச்சூரும் வரதராஜபுரமும் இருக்கின்றன. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இவ்வூர்கள் மூழ்கியதற்கு இந்த நில அமைப்பும் ஒரு காரணம்.

மழைநீர் தேடும் பள்ளத்தைத்தான் கழிவுநீரும் தேடும். புறநகர் மனைப்பிரிவுகளில் கழிப்பறை நீர் செப்டிக் டேங்குக்குப் போகிறது. குளியலறை, சமையலறைத் தண்ணீர் பெரும்பாலும் தெருக் கால்வாய்க்கு வருகிறது. தெருக் கால்வாய் மழைநீர் வடிகாலைச் சேர்கிறது. வடிகாலின் மறுமுனையில் இருப்பது ஒரு காலத்தில் ஏரியின் வரத்துக்காலாக இருந்த பாதை. மழைக்காலத்தில் மட்டும் நீர் வந்த அந்தப் பாதையில் இப்போது ஆண்டு முழுவதும் கழிவுநீர் வருகிறது.

நிர்வாக எல்லையும் இதில் பங்கு வகிக்கிறது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. மேட்டிலுள்ள பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் அதற்குள் வந்தன. பள்ளத்திலுள்ள முடிச்சூர் அப்போது சேர்க்கப்படாமல், புனித தோமையார்மலை ஒன்றியத்தின் ஊராட்சியாகவே நின்றது. நீர் எல்லை பார்த்து ஓடுவதில்லை. பாதாளச் சாக்கடைத் திட்டங்களோ எல்லை பார்த்தே வகுக்கப்படுகின்றன.

முதல் விடை: ஏரியை விட்டு விலக்கு

ஏரிக்குக் கழிவுநீரே வரக்கூடாது, குழாயில் பிடித்து வேறிடம் கொண்டுபோக வேண்டும் என்பது பழைய விடை, வலுவானதும் கூட. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரி இதற்குப் புகழ்பெற்ற சான்று. அதைச் சுற்றியிருந்த சிறு ஊர்கள் தத்தம் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து ஏரிக்குள் நீர் விட்டுக்கொண்டிருந்தன. 1950களில் ஏரியில் பாசி மிகுந்தது. டபிள்யூ. டி. எட்மண்ட்சன் என்ற உயிரியலாளர் அதன் காரணத்தை விளக்கினார். மக்கள் வாக்களித்து 1958இல் பொது அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் படிப்படியாகத் திருப்பப்பட்டது. ஏரி சில ஆண்டுகளிலேயே தெளிந்தது. அந்த நிலையங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் விட்டன என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி. சுத்திகரிப்பு நடந்தும் ஏரி கெட்டது.

சென்னையின் தென்புறநகரில் இந்த விடைக்கு அருகிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1990களின் பிற்பகுதியில் ஆலந்தூர் நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்தை மேற்கொண்டபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய் வீதம் மக்களே முன்பணம் கட்டினார்கள். கழிவுநீர் பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மக்கள் பணம் தரமாட்டார்கள் என்ற எண்ணம் அத்திட்டத்தால் தகர்ந்தது.

இந்த விடையின் பலவீனங்கள் மூன்று. முதலாவது காலம். குழாய் பதித்து, நீரேற்று நிலையம் கட்டி, வீட்டு இணைப்புகள் தரும்வரை பல ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை வரத்துக்காலில் கழிவுநீர் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாவது இடமாற்றம். ஓர் ஏரியைக் காக்கும் குழாய் இன்னொரு நீர்நிலையில் சுமையை இறக்கிவிடக்கூடும். பெருங்குடி நிலையம் பள்ளிக்கரணைச் சதுப்பின் அண்டையில் இருக்கிறது. அந்தச் சதுப்பு 2022இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. மூன்றாவது, வாஷிங்டன் ஏரி அறுபது மீட்டருக்கும் மேல் ஆழமுள்ளது. நம் ஏரி ஓரிரு ஆள் ஆழம்தான். ஆழம் மாறினால் ஏரி மீளும் விதமும் மாறுகிறது. இதைப் பின்னர் பார்ப்போம்.

இரண்டாம் விடை: தெளியவைத்து ஏரிக்கே கொடு

வறண்ட ஊரில் தண்ணீரை ஏன் தூர அனுப்ப வேண்டும் என்பது எதிர்வாதம். கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரியில் விட்டால் நிலத்தடி நீர் உயரும், கோடையிலும் ஏரியில் நீர் நிற்கும் என்கிறது இந்த விடை. 2019இல் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது இக்குரல் வலுத்தது. நெசப்பாக்கத்தில் மூன்றாம் நிலை சுத்திகரிப்பு செய்த நீரை, 10 எம்.எல்.டி. அளவில், போரூர் ஏரியில் விடும் திட்டம் அப்போது முன்னெடுக்கப்பட்டது. கர்நாடகத்தில் இதைவிடப் பெரிய முயற்சி 2018இல் தொடங்கியது. பெங்களூரின் கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்கு நிலையங்களில் இரண்டாம் நிலை சுத்திகரிப்பு முடிந்த நீர் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் பாய்ச்சப்பட்டது. வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பின, கிணறுகளில் நீர் ஏறியது. அதே ஆண்டு லட்சுமிசாகர ஏரியில் நுரை எழுந்தது. மூன்றாம் நிலை சுத்திகரிப்பு வேண்டுமென்று வழக்குகள் தொடுக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தடை விதித்துப் பின்னர் விலக்கியது.

"சுத்திகரித்த நீர்" என்பதன் பொருளில்தான் இந்த விடையின் சிக்கல் இருக்கிறது. நிலையங்களை எடைபோடும் முதன்மை அளவுகோல் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி. நீரிலுள்ள கரிமக் கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை அது காட்டும். இதன் வேர் பிரிட்டனின் அரச ஆணையம் 1912இல் அளித்த அறிக்கையில் இருக்கிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் பி.ஓ.டி., 30 மில்லிகிராம் மிதக்கும் திடப்பொருள் என்று அந்த ஆணையம் வரம்பு வகுத்தது. கழிவுநீரைப் போல எட்டு மடங்காவது நல்ல நீர் ஆற்றில் ஓட வேண்டும் என்ற நிபந்தனை அதோடு சேர்ந்தே இருந்தது. எண்கள் உலகெங்கும் பரவின, நிபந்தனை மறந்துபோனது. சித்திரை, வைகாசியில் நம் ஏரிக்குள் வரும் ஒரே நீர் கழிவுநீராக இருக்கும்போது அதைக் கலந்து தணிக்க எதுவும் இல்லை.

இரண்டாவது சிக்கல் பாஸ்பரஸ். டேவிட் ஷிண்ட்லர் குழு 1973இல் கனடாவில் 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியை நடுவே திரையிட்டுப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் இடப்பட்டன. மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்ந்தது. பாஸ்பரஸ் சேர்ந்த பாதி பச்சையாக மாறியது. வழக்கமான சுத்திகரிப்பு பி.ஓ.டி.யைப் பெரிதும் குறைக்கும். பாஸ்பரஸின் பெரும்பகுதி அதில் தப்பிவிடும். ஒரு கணக்குப் போடலாம். நிலையத்திலிருந்து வெளிவரும் நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருப்பதாகக் கொண்டால், ஒரு எம்.எல்.டி. நிலையம் நாளொன்றுக்கு 4 கிலோவும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன்னும் ஏரியில் சேர்க்கும். ஏரி நீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினாலே ஊட்டம் மிக மிஞ்சிய ஏரி என்று அறிவியலாளர்கள் வகைப்படுத்துகிறார்கள்.

இந்திய வரம்புகளின் வரலாறும் இந்த இழுபறியைக் காட்டுகிறது. 2017இல் மத்திய அரசு அறிவித்த வரம்பு பெருநகரங்களுக்கு 20, மற்ற இடங்களுக்கு 30 என பி.ஓ.டி.யை வகுத்தது. நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் அதில் வரம்பு இல்லை. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பி.ஓ.டி. 10, மொத்த நைட்ரஜன் 10, மொத்த பாஸ்பரஸ் 1 என்று கடுமையாக்கியது. அந்த 1 மில்லிகிராமும் மேலே சொன்ன எல்லையைப் போலப் பத்து மடங்கு. ஆற்றுக்குப் போதுமானதாக இருக்கக்கூடிய வரம்பு தேங்கிய ஏரிக்குப் போதாமல் போகலாம்.

மூன்றாம் விடை: ஊருக்குள்ளேயே சிறு நிலையம்

பெரிய குழாய்க்குக் காத்திருக்க வேண்டாம், கழிவுநீர் பிறக்கும் இடத்திலேயே தெளியட்டும் என்பது மூன்றாம் விடை. ஆரோவில்லில் மின்சாரம் அதிகம் வேண்டாத தொட்டிகளும் செடிப் படுகைகளும் கொண்ட அமைப்புகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையின் அமைப்பை இத்துறையினர் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். தென்சென்னைப் புறநகரின் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் தனி நிலையங்கள் இருக்கின்றன. தெளிந்த நீர் தோட்டத்துக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் போகும் அளவுக்கு ஏரியின் சுமை குறையும்.

சிறு நிலையத்தின் வலிமை அதன் அருகாமை. நாற்றம் வந்தால் ஊருக்கு உடனே தெரியும், தண்ணீரை அங்கேயே பயன்படுத்தலாம். பலவீனமும் அதன் சிறுமைதான். காற்றூட்டும் மோட்டார் பல மணி நேரம் நின்றால் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். மின்கட்டணம், தேர்ந்த இயக்குநர், கசடு அகற்றல், நீர் ஆய்வு ஆகிய செலவுகள் நிலையம் சிறிதாவதால் அதே விகிதத்தில் குறைவதில்லை. கட்ட மானியம் கிடைக்கிறது, நடத்த நிதி கிடைப்பது அரிது. நாடு முழுவதும் இந்த இடைவெளி தெரிகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்கின்படி நகர்ப்புற இந்தியா 72,368 எம்.எல்.டி. கழிவுநீரை உண்டாக்குகிறது. நிறுவப்பட்ட திறன் 31,841 எம்.எல்.டி. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது ஏறத்தாழ 20,200 எம்.எல்.டி. நிலையம் இருப்பதற்கும் அது வேலை செய்வதற்கும் இடையே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போகிறது.

இடம் இன்னொரு சிக்கல். புவியீர்ப்பில் கழிவுநீர் வந்து சேர வேண்டுமானால் நிலையம் பள்ளத்தில் இருக்க வேண்டும். நிலவிலை ஏறிய ஊரில் பள்ளத்தில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் நீர்நிலைப் புறம்போக்கு. ஏரியைக் காக்கக் கட்டும் நிலையம் ஏரியின் இடத்தையே எடுத்துக்கொள்ளும் முரண் இங்கே எழுகிறது. 2015இல் போல வெள்ளம் வந்தால் பள்ளத்து நிலையமே முதலில் மூழ்கும்.

நான்காம் விடை: செடிக்கும் மீனுக்கும் விடு

கழிவுநீரில் இருப்பது உரம், அதை உயிர்கள் உண்ணட்டும் என்பது இந்த விடை. கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலத்தில் நகரக் கழிவுநீர் ஆழமற்ற மீன் குளங்களில் வெயிலாலும் பாசியாலும் தெளிந்து, மீனாகவும் காய்கறியாகவும் நகரத்துக்கே திரும்புகிறது. மீனவர்களும் உழவர்களும் வளர்த்த இந்த அறிவை துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர் ஆவணப்படுத்தி உலகுக்கு அறியத் தந்தார். 2002இல் அது ராம்சர் தலமானது. பெங்களூரின் ஜக்கூர் ஏரியில் சுத்திகரிப்பு நிலையத்து நீர் நேரே ஏரிக்குள் போகாமல் சம்பும் கோரையும் அடர்ந்த ஈரநிலம் ஒன்றைக் கடந்து போகிறது. இந்திய அறிவியல் கழகத்தினர் அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தாம்பரத்துக்குக் கிழக்கே செம்பாக்கம் ஏரி மீட்பிலும் இயற்கை வழித் தீர்வுகளுக்கு இடம் தரப்பட்டது.

இந்த விடை நிலம் கேட்கிறது. கொல்கத்தாவில் 12,500 ஹெக்டேர் இருக்கிறது. முடிச்சூரில் சதுர அடிக்கு விலை பேசப்படுகிறது. செடிப் படுகையை ஆண்டுதோறும் அறுத்து வெளியேற்றாவிட்டால் செடி உண்ட ஊட்டம் அழுகி மீண்டும் நீருக்கே வரும். ஆகாயத்தாமரை மூடிய ஏரியும் ஊட்டத்தை உறிஞ்சிய ஏரிதான். அதை யாரும் அள்ளாததால் அங்கே அது நோயாகிறது. வீட்டுக் கழிவுநீரோடு பட்டறைக் கழிவும் கலந்தால் மீன் வளர்ப்பது ஆபத்தாக முடியலாம்.

விடுபட்டுப் போகும் இரண்டு: வண்டலும் செப்டிக் டேங்கும்

நான்கு விடைகளும் ஏரிக்குள் இனி வரப்போகும் நீரைப் பற்றியே பேசுகின்றன. ஏற்கெனவே வந்து படிந்ததைப் பற்றிப் பேசுவது குறைவு. சுவீடனின் ட்ரும்மன் ஏரி ஆழமற்றது. 1950களின் இறுதியில் அதற்குள் வந்த கழிவுநீர் நிறுத்தப்பட்டது. பத்தாண்டு கடந்தும் ஏரி தெளியவில்லை. அடிச்சேற்றில் சேர்ந்திருந்த பாஸ்பரஸ் மேலே கசிந்துகொண்டே இருந்தது. 1970, 71இல் சேற்றை அகற்றிய பிறகே ஏரி மீண்டது. நம் ஏரிகளுக்கு வாஷிங்டனைவிட ட்ரும்மனே நெருங்கிய உறவு.

இந்த அறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று. கோடையில் வற்றிய ஏரியிலிருந்து வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலுக்கு அடிப்பது பழைய வழக்கம். ஏரிக்குத் தூர்வாரல், வயலுக்கு உரம் என இரண்டும் ஒரே வேலையில் முடிந்தன. ஆயக்கட்டு வயல்கள் மனைகளானபோது வண்டலை வாங்கும் நிலம் இல்லாமல் போனது. பல ஆண்டு கழிவுநீர் படிந்த சேற்றை இன்று எந்த வயலுக்கும் யோசிக்காமல் அனுப்ப முடியாது, அதைச் சோதிக்க வேண்டும்.

செப்டிக் டேங்க் இரண்டாவது. பாதாளச் சாக்கடை வரும்வரை கழிப்பறைக் கழிவின் கதி கழிவுநீர் லாரியின் கையில் இருக்கிறது. தமிழக அரசு 2014இல் இதற்கு வழிகாட்டு நெறிகள் வகுத்தது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் செப்டிக் டேங்க் கசடுக்கென்றே தனி நிலையம் அமைந்தது. மாநிலத்தில் அவ்வகையில் அதுவே முன்னோடி. மதுராந்தகத்துக்கும் அது பயன்படுகிறது. சிற்றூர்களுக்கு விரைவாகவும் குறைந்த செலவிலும் எட்டக்கூடிய வழி இது. ஆனால் குளியலறை, சமையலறைத் தண்ணீரை இது தொடுவதில்லை. கசியும் தொட்டியால் போர்வெல் நீரில் ஏறும் நைட்ரேட்டையும் இது நிறுத்தாது.

ஏரிக்குப் பொறுப்பு யார்?

பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. அந்த ஆட்சிமுறை எல்லோரையும் உள்ளடக்கியதன்று. நிலமும் கல்வியும் உடைய ஆண்களுக்கே அதில் இடம் இருந்தது. ஆனாலும் ஏரிக்கென்று பெயர் சொல்லிக் கேட்கத்தக்க ஓர் அமைப்பு இருந்தது. இன்று 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பது பொது முறை. சாலையோர வடிகால் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கலாம். கட்டட அனுமதி வேறிடம், மாசுக் கட்டுப்பாடு வேறிடம். மேட்டிலிருந்து வரும் கழிவுநீர் பக்கத்து உள்ளாட்சியுடையது. சிட்லப்பாக்கம் ஏரிச் சீரமைப்புக்கு 2019இல் 25 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கரையும் நடைபாதையும் வந்த பிறகும் கழிவுநீர் புகுவது பற்றிய முறையீடுகள் தொடர்ந்தன. ஏரிக்குள் செய்யும் செலவு ஏரிக்கு வெளியே உள்ள காரணத்தை எட்டுவதில்லை என்பதற்கு இது அருகிலுள்ள சான்று.

தீர்ந்ததும் தீராததும்

இதுவரை கண்டவற்றிலிருந்து சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். சுத்திகரிக்காத கழிவுநீர் வரும்வரை எந்த ஏரிச் சீரமைப்பும் நிலைக்காது. பி.ஓ.டி. மட்டும் குறைந்த நீர் ஆழமற்ற ஏரியைத் தெளியவைக்கப் போதாது. நான்கு விடைகளும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. முடிச்சூர் போன்ற ஊருக்குக் கசடு நிலையத்தை உடனடியாகவும், வரத்துக்கால் வாயில் செடிப் படுகையோடு கூடிய சிறு நிலையத்தை இடைக்காலத்துக்கும், பாதாளச் சாக்கடையை நீண்டகாலத்துக்கும் வரிசைப்படுத்துவது பொருத்தமாகத் தோன்றுகிறது. மேட்டு மாநகராட்சியும் பள்ளத்து ஊராட்சியும் ஒரே திட்டத்தில் சேர்ந்தால்தான் இந்த வரிசை பயன் தரும்.

தீராதவையும் பல. கோடையில் ஏரி வற்றுவது அதன் இயல்பா, அதைச் சுத்திகரித்த நீரால் ஆண்டு முழுவதும் நிரப்பி வைப்பது நல்லதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. வற்றும் ஏரியில் வண்டல் அள்ளலாம். நிரம்பியே இருக்கும் ஏரி வடகிழக்குப் பருவமழையை ஏற்க இடமின்றி வெள்ளத்தைக் கூட்டக்கூடும். மருந்து எச்சங்களும் சோப்பு வேதிப்பொருள்களும் நிலத்தடி நீரில் நாளடைவில் என்ன செய்யும் என்பது உலக அளவிலேயே ஆய்வில் இருக்கிறது. பாஸ்பரஸோடு நைட்ரஜனையும் கட்டுப்படுத்த வேண்டுமா என்ற விவாதமும் முடியவில்லை. ஆண்டில் பாதி வற்றும் வெப்பமண்டல ஏரிகளுக்குக் கனடா, சுவீடன் முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்பதை நம் ஏரிகளில் அளந்துதான் அறிய முடியும்.

அந்த அளவீட்டை இப்போது நாம் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாயிலில் செய்கிறோம். நிலையம் வரம்புக்குள் இயங்கினால் கடமை முடிந்ததாகக் கொள்கிறோம். நிலையத்துக்கு வராமலே ஏரியைச் சேரும் நீர் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஏரியின் ஒவ்வொரு வரத்துக்கால் வாயிலும், கலங்கலிலும், கரையோரக் கிணற்றிலும் மாதம் ஒருமுறை நீரை எடுத்துச் சோதித்து, பாஸ்பரஸையும் நைட்ரேட்டையும் சேர்த்து ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலையன்று. எந்த விடை வேலை செய்கிறது என்பதை ஊரே பார்த்துச் சொல்ல அது வழி செய்யும்.